வீட்டுக் கணினித் தீயரண்களும் 2008 ஜூலை இணைய முடக்கமும்

தீயரண் என்பது ஒரு கணினிக்கும் அது இணைந்துள்ள வலையமைப்புக்கும் இடையில் நின்று, எந்தத் தகவல் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று முடிவு செய்யும் மென்பொருள் அல்லது கருவி. கட்டடங்களில் ஒரு பகுதியில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குப் பரவாமல் தடுக்க எழுப்பும் சுவரின் பெயரைக் கணினித் துறை கடன் வாங்கிக்கொண்டது. தமிழில் தீச்சுவர், தீயரண் என்ற இரு சொற்களும் வழங்குகின்றன. அரண் என்ற சொல் கோட்டையை நினைவூட்டுவதால் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. கோட்டைக்கு வாயில் உண்டு, வாயிலில் காவலரும் உண்டு. பகைவரை நிறுத்த வேண்டிய காவலர் சில சமயம் வீட்டுக்காரரையே வெளியே விடாமல் நிறுத்திவிடுவதும் உண்டு. 2008 ஜூலையில் உலகின் பல நாடுகளில் வீட்டுக் கணினிகளுக்கு நேர்ந்தது அதுதான்.

தொடக்கம்

இணையம் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டும் உரியதாக இருந்த நாளில் அரண் பற்றிய கவலை அதிகம் இல்லை. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட புழு நிரல் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அப்போது இணையத்தில் இருந்த கணினிகளில் ஏறத்தாழ 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் போன்ற நிறுவனங்களில் பொட்டல வடிகட்டிகள் உருவாயின. இணையத்தில் எல்லாத் தகவலும் சிறு சிறு பொட்டலங்களாகவே பயணிக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண் ஆகியவை இருக்கும். வடிகட்டி அந்த மேலுறையைப் படித்துப் பார்த்து விடுவதா மறிப்பதா என்று முடிவு செய்தது.

1993இல் இஸ்ரேலில் கில் ஷ்வெட், மாரியஸ் நாக்ட், ஷ்லோமோ கிரேமர் ஆகிய மூவர் செக் பாயிண்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஃபயர்வால்-1 ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதோடு நில்லாமல், எந்த உரையாடலின் தொடர்ச்சியாக அது வருகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டது. உள்ளிருந்து கேட்ட கேள்விக்கு வந்த பதிலா, கேட்காமலே வந்த விருந்தாளியா என்று பிரித்தறியும் இந்த முறை பின்வந்த தீயரண்கள் பலவற்றுக்கும் அடிப்படையானது. ஆனால் இவை யாவும் நிறுவனங்களுக்கானவை. வீட்டில் கணினி வைத்திருந்தவர் தொலைபேசி வழியே சில நிமிடங்கள் இணைந்து, மின்னஞ்சல் பார்த்துவிட்டுத் துண்டித்துக்கொண்டார். கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடும்போது யாரும் வாயிலைத் திறந்துபோட்டுவிட்டு உறங்கப் போவதில்லை.

வீட்டு வாசலுக்கு வந்த காவல்

1990களின் இறுதியில் கேபிள் மோடமும் டி.எஸ்.எல். இணைப்பும் அமெரிக்க வீடுகளுக்கு வந்தபோது நிலைமை மாறியது. கணினி நாள் முழுதும் இணையத்தில் இருந்தது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் கோப்புப் பகிர்வு வசதியைத் தெரியாமல் திறந்து வைத்திருந்தவர்களின் கோப்புகளை, 139ஆம் போர்ட் வழியாக முன்பின் அறியாத எவரும் எட்டிப் பார்க்க முடிந்தது. ஸ்டீவ் கிப்சன் என்ற நிரலர் 1999இல் தொடங்கிய ஷீல்ட்ஸ் அப் என்னும் இலவசச் சோதனை, இப்படித் திறந்துகிடந்த வாயில்களைப் பலருக்குக் கண்முன் காட்டியது.

இந்த அச்சத்திலிருந்து ஒரு புதிய சந்தை பிறந்தது. பிளாக் ஐஸ் டிஃபெண்டர், நார்ட்டன் பெர்சனல் ஃபயர்வால் முதலியவை வந்தன. அவற்றுள் வீட்டுப் பயனர்களிடையே மிகவும் பரவியது ஜோன் லேப்ஸ் நிறுவனத்தின் ஜோன் அலார்ம். தனிப்பயன்பாட்டுக்கு அது இலவசம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், உள்ளே வருவதை மட்டுமின்றி வெளியே போவதையும் அது கண்காணித்தது. ஏதேனும் ஒரு நிரல் முதன்முறை இணையத்தைத் தொட முயன்றால், "இதை அனுமதிக்கலாமா?" என்று திரையில் ஒரு சிறு பெட்டி கேட்கும். உளவு நிரல்கள் பெருகிய காலத்தில் இந்தக் கேள்வி பலருக்கும் தெம்பளித்தது. 2004இல் செக் பாயிண்ட் நிறுவனம் ஜோன் லேப்ஸை விலைக்கு வாங்கியது.

அதே ஆண்டு மார்ச்சில் வேறொரு வியப்பும் நிகழ்ந்தது. விட்டி என்ற புழு, பிளாக் ஐஸ் தீயரணில் இருந்த பிழையையே நுழைவாயிலாகப் பயன்படுத்தி ஏறத்தாழ 12,000 கணினிகளில் புகுந்து அவற்றின் வன்தட்டுகளைச் சிறுகச் சிறுக அழித்தது. பாதுகாப்புக்காக மென்பொருள் நிறுவியவர்களே அதில் பாதிக்கப்பட்டார்கள். நிறுவாதவர்களை அது தொடவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வெளிவந்தபோது அதனுள்ளேயே ஓர் எளிய தீயரண் இருந்தது. ஆனால் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இணைப்பு அமைப்புகளின் உள்மடிப்பில் எங்கோ ஒளிந்திருந்த ஒரு கட்டத்தில் குறியிட்டால்தான் வேலை செய்யும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு 135ஆம் போர்ட் வழியாகப் பரவி, 60 நொடிகளில் கணினி நின்றுவிடும் என்ற எச்சரிக்கையை எண்ணற்ற திரைகளில் காட்டியது. திருத்தத்தைத் தரவிறக்குவதற்குள் கணினி நின்றுவிடும்; மீண்டும் இயக்கினால் மீண்டும் புழு. அந்தச் சிறு கட்டத்தில் குறியிட்ட பிறகே பலரால் திருத்தத்தைப் பெற முடிந்தது. இந்தப் பாடத்துக்குப் பின், 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2இல் மைக்ரோசாப்ட் தன் தீயரணை இயல்பாகவே இயங்கும்படி வைத்தது. ஆயினும் அது வெளியே போவதைத் தடுக்கவில்லை. எனவே ஜோன் அலார்ம் வைத்திருந்தவர்கள் அதை விடவில்லை.

கேள்வி கேட்கும் பெட்டி

தீயரண் இணைப்பைத் துண்டிக்கும் சிக்கல் 2008இல் புதிதாகத் தோன்றியதல்ல. அதற்கு முன்பே வீடுகளில் அது அன்றாடத் தொல்லை. அதன் வேர் அந்தக் கேள்விப் பெட்டியிலேயே இருந்தது.

விண்டோஸ் எக்ஸ்பியில் எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்றொரு நிரல் உண்டு. அது தனக்கென ஒரு வேலை செய்வதில்லை. இயங்குதளத்தின் பல சேவைகளைத் தன் முதுகில் சுமந்து செல்லும் சுமைதாங்கி. இணைய முகவரி எண்ணைக் கேட்டுப் பெறும் டி.எச்.சி.பி. சேவையும், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கேட்கும் டி.என்.எஸ். சேவையும் அதன் வழியாகவே நடந்தன. தீயரணின் பெட்டியில் அந்த நிரல் "ஜெனரிக் ஹோஸ்ட் ப்ராசஸ்" என்ற பெயரில் தோன்றும். அந்தப் பெயரைப் படித்து அது நல்லதா கெட்டதா என்று ஒரு சாதாரணப் பயனர் எப்படி அறிவார்? எச்சரிக்கையுள்ளவர் "வேண்டாம்" என்று அழுத்தினார். மறுபடி கேட்காதே என்ற கட்டத்திலும் குறியிட்டார். கவலையற்றவர் "சரி" என்று அழுத்தினார். எச்சரிக்கையாக இருந்தவரின் இணையம்தான் நின்றது.

அதுவும் உடனே நிற்கவில்லை என்பதுதான் குழப்பத்தை வளர்த்தது. டி.எச்.சி.பி. வழங்கும் முகவரி நிரந்தரமானதன்று. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடப்படுவது. வாடகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு காலம் முடியும்போது கிடைக்கும் எந்த வழங்கியிடமும் கேட்கும். அப்போதும் தீயரண் மறித்தால், காலம் முடிந்ததும் முகவரியை இழந்து, 169.254 என்று தொடங்கும் ஒரு தற்காலிக எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். ஆக, திங்கள் மாலை அழுத்திய பொத்தானின் விளைவு செவ்வாய் காலையில்கூடத் தெரியலாம். இடையில் எதையும் மாற்றாத பயனர், மோடம் பழுது என்றோ இணைய நிறுவனத்தின் கோளாறு என்றோதான் நினைப்பார். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார். எதுவும் மாறாது.

இத்தகைய கோளாற்றைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ளோர் கையாண்ட முறை எளிமையானது. அருகிலிருந்து தொலைவுக்குப் போவது. முதலில் கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா என்று ஐபிகான்ஃபிக் கட்டளையால் பார்ப்பார்கள். 169.254 என்று இருந்தால் ரூட்டரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். சரியான முகவரி இருந்தால் பிங் கட்டளையால் 127.0.0.1 என்ற தன் முகவரியையும், பிறகு ரூட்டரையும், அதன் பிறகு வெளியிலுள்ள ஏதேனும் ஓர் எண் முகவரியையும் தட்டிப் பார்ப்பார்கள். எண்ணால் தட்டினால் பதில் வருகிறது, பெயரால் தட்டினால் வரவில்லை என்றால், பழுது கம்பியில் இல்லை. 53ஆம் போர்ட் வழியே நடக்கும் பெயர்ச் சேவையில் இருக்கிறது. உலாவியில் எந்தப் பக்கமும் திறக்காத நிலையிலும் இணைப்பு உயிரோடு இருக்கக்கூடும் என்பது பலருக்கும் இந்தச் சோதனையால்தான் விளங்கியது.

தீயரணை நீக்கிவிட்டால் சிக்கல் தீரும் என்று எண்ணியவர்களுக்கு வேறு தொல்லை காத்திருந்தது. இவ்வகை மென்பொருள்கள் சாதாரண நிரல்களைப் போல மேலே உட்கார்ந்திருப்பவை அல்ல. அவை விண்டோஸின் வலையமைப்பு அடுக்குகளுக்கு நடுவே டிரைவர்களைச் செருகி வைத்திருந்தன. ஜோன் அலார்மின் காவல் சேவை விண்டோஸோடு சேர்ந்தே தொடங்கும். பயனர் காணும் சாளரத்தை மூடினாலும் அது பின்னால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அரைகுறையாக நீக்கப்பட்ட தீயரணின் டிரைவர், கட்டளையிட ஆளில்லாமல் எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு நின்றதும் உண்டு. வின்சாக் எனப்படும் அடுக்கில் சங்கிலிபோலக் கோக்கப்படும் நிரல்கள் இருந்தன. நடுவில் ஒரு கண்ணியை மட்டும் பிடுங்கினால் சங்கிலியே அறுந்தது. சைமன்டெக், மெக்காஃபி போன்ற நிறுவனங்கள் தங்கள் பொருளை முழுமையாக அகற்றுவதற்கென்றே தனிக் கருவிகளை வெளியிட வேண்டியதாயிற்று. விற்ற பொருளை வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல இன்னொரு பொருள் தேவைப்பட்டது! எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இல் மைக்ரோசாப்ட் அறுந்த சங்கிலியைப் புதிதாகக் கோக்கும் ஒரு கட்டளையைச் சேர்த்தது. நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட் என்ற அந்தக் கட்டளை கணினிப் பழுது நீக்குவோரின் நாவில் மந்திரம்போலப் பதிந்துவிட்டது.

2008 ஜூலை 8

இந்தப் பின்னணியில்தான் 2008 ஜூலை நிகழ்வைப் பார்க்க வேண்டும். அதன் தொடக்கம் தீயரணில் இல்லை, டி.என்.எஸ். முறையில் இருந்தது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த அந்த முறையில், கணினி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாள எண் இடப்படும். பதிலில் அதே எண் இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும். அந்த எண்ணுக்கு 65,536 மதிப்புகளே சாத்தியம். பல மென்பொருள்கள் கேள்விகளை எப்போதும் ஒரே போர்ட்டிலிருந்தோ எளிதில் ஊகிக்கக்கூடிய போர்ட்டிலிருந்தோ அனுப்பின. எனவே உண்மையான பதில் வருவதற்குள் போலிப் பதில்களை வாரி இறைத்து, ஒன்றாவது பொருந்தும் என்று பார்ப்பது கொள்கையளவில் முடியும். ஒருமுறை தவறினால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதே காப்பாக இருந்தது.

அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி அந்தக் காப்பு பொய்யானது என்று 2008இன் தொடக்கத்தில் கண்டறிந்தார். ஒரு தளத்தின் கீழ் இல்லாத பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை; ஒரு போலிப் பதில் பொருந்திவிட்டாலும் அந்தத் தளம் முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்தவர் திருடனின் பக்கத்தைச் சென்றடைவார். கமின்ஸ்கி இதை விற்கவில்லை, உடனே விளம்பரப்படுத்தவும் இல்லை. மார்ச் 31 அன்று மைக்ரோசாப்டின் ரெட்மண்ட் வளாகத்தில் வல்லுநர்கள் சிலர் கூடிப் பேசினர். போட்டி நிறுவனங்கள் எல்லாம் ஒரே நாளில் திருத்தம் வெளியிடுவது என்று முடிவாயிற்று. அந்த நாள் ஜூலை 8, செவ்வாய். கேள்வி கிளம்பும் போர்ட்டையும் ஒவ்வொரு முறையும் தற்செயலாக மாற்றுவதே திருத்தத்தின் சாரம். அப்படிச் செய்தால் போலிப் பதில் அனுப்புபவர் எண்ணையும் போர்ட்டையும் சேர்த்து ஊகிக்க வேண்டும். வாய்ப்பு பல கோடியில் ஒன்றாகக் குறையும்.

மைக்ரோசாப்ட் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பிய திருத்தத்தின் எண் கே.பி.951748. விண்டோஸ் எக்ஸ்பியில் தானியங்கிப் புதுப்பிப்பு இயல்பாக அதிகாலை 3 மணிக்கு நடக்கும். காலையில் எழுந்து கணினியைத் திறந்த ஜோன் அலார்ம் பயனர்களுக்கு இணையம் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 ஆகிய இரண்டிலும் இது நேர்ந்தது, விஸ்டாவில் நேரவில்லை. மாறிப்போன வலையமைப்பு நடத்தையை ஜோன் அலார்ம் அறிந்திருக்கவில்லை. இணைய மண்டலத்தின் காவல் "உயர்" நிலையில் இருந்த கணினிகளில் அது போக்குவரத்தை மறித்தது. அந்த உயர் நிலைதான் ஜோன் அலார்மின் இயல்பு நிலை. தன் வேலையைச் சரியாகச் செய்வதாகவே அந்த மென்பொருள் "நினைத்தது" என்று சொல்லலாம். வழக்கத்துக்கு மாறானதை மறி என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை.

செக் பாயிண்ட் உடனடியாகத் தற்காலிக வழிகளை அறிவித்தது. இணைய மண்டலத்தின் நழுவுபொத்தானை "உயர்" நிலையிலிருந்து "நடுத்தர" நிலைக்கு இறக்குவது ஒரு வழி. கண்ட்ரோல் பேனலில் புதுப்பிப்புகளையும் காட்டு என்று குறியிட்டு, கே.பி.951748ஐ நீக்குவது இன்னொரு வழி. அடுத்த ஓரிரு நாள்களில் திருத்திய ஜோன் அலார்ம் பதிப்பும் வெளியானது. ஆனால் இந்த அறிவிப்புகள் எல்லாம் இணையத்தில் இருந்தன. இணையம் அறுந்தவர் அவற்றை எங்கே போய்ப் படிப்பது? வீட்டுக்கு ஒரு கணினி, கைப்பேசியில் இணையம் அரிது என்றிருந்த காலம் அது. அலுவலகத்தில் படித்துத் தாளில் எழுதிக்கொண்டு வந்தவர்களும், தெரிந்தவரிடம் தொலைபேசியில் கேட்டவர்களும் தப்பித்தார்கள்.

உண்மையான ஆபத்து அதற்குப் பின்னால் இருந்தது. பயனர் முன் இருந்த தேர்வுகள் எல்லாமே ஏதோ ஒன்றை இழக்கச் சொன்னவை. நழுவுபொத்தானை இறக்கினால் கணினி வெளியுலகின் கண்ணுக்குத் தெரியும். தீயரணை அணைத்தால் காவல் இல்லை. திருத்தத்தை நீக்கினால் எந்த ஓட்டையை அடைக்க அத்தனை நிறுவனங்கள் கைகோத்தனவோ அந்த ஓட்டை திறந்தே இருக்கும். அந்த ஓட்டையின் முழு விவரம் ஜூலை 8 அன்று வெளியிடப்படவில்லை என்பதால், தான் எதை நீக்குகிறோம் என்று பயனருக்கு எடைபோடவும் வழியில்லை. இணையம் மீண்டும் வந்தது என்ற நிம்மதியில் பொத்தானை நடுத்தர நிலையிலேயே விட்டுவிடுவதும், நீக்கிய திருத்தத்தை மறுபடி நிறுவாமல் இருப்பதும் மனித இயல்பு. மூன்று வழிகளில் முதலாவதே சேதம் குறைந்தது. நடுத்தர நிலையிலும் கோப்புப் பகிர்வு மூடப்பட்டே இருந்தது. இரண்டையும் சமமான வழிகள்போல அறிவித்தது சரியான ஆலோசனை என்று சொல்வதற்கில்லை.

விவரம் ஆகஸ்டு வரை மறைவாக இருக்கும் என்பது திட்டம். ஆனால் ஜூலை 21 அன்றே அது கசிந்தது. சில நாள்களில் தாக்குவதற்கான நிரல்களும் வெளிவந்தன. ஆகஸ்டு 6 அன்று லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் கமின்ஸ்கி முழுவதையும் விளக்கினார். வீட்டுக் கணினிகளைவிட இணைய நிறுவனங்களின் டி.என்.எஸ். வழங்கிகளே பெரிய இலக்கு; அவை திருத்தப்படாவிட்டால் வீட்டில் என்ன செய்தும் பயனில்லை. இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. சில ரூட்டர்கள், உள்ளிருந்து தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்டு வந்த போர்ட் எண்களை வரிசை எண்களாக மாற்றி வெளியே அனுப்பின. திருத்தம் கலைத்துப் போட்டதை அவை மறுபடி ஒழுங்காக அடுக்கிவைத்தன.

பின்னர்

விஸ்டா தப்பியதற்கும் பிற்காலப் போக்குக்கும் தொடர்பு உண்டு. விஸ்டாவின் வலையமைப்புப் பகுதியை மைக்ரோசாப்ட் புதிதாக எழுதியிருந்தது. தீயரண் நிறுவனங்கள் டிரைவர்களைத் தாமாகச் செருகாமல் கேட்டுப் பெறும் அனுமதியின் மூலம் வடிகட்டுவதற்கென்று ஒரு பொது மேடையையும் அதில் அமைத்தது. விண்டோஸின் சொந்தத் தீயரண், வெளியே போவதையும் வடிகட்டக் கற்றுக்கொண்டது. வீடுதோறும் ரூட்டர் வந்த பிறகு, கேட்காமல் வரும் விருந்தாளிகளில் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிட்டார்கள். தனித் தீயரண் நிறுவும் வழக்கம் மெல்லத் தேய்ந்தது. ஆனால் காவல் மென்பொருளே இணைப்பை அறுப்பது நிற்கவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, முன்பு சொன்ன எஸ்.வி.சி.ஹோஸ்ட் நிரலையே வைரஸ் என்று தவறாக அடையாளம் கண்டு, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் அதைச் சிறைப்படுத்தியது. அந்தக் கணினிகள் வலையமைப்பை இழந்து மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன.

கமின்ஸ்கி 2021 ஏப்ரலில் தம் 42ஆம் வயதில் காலமானார். 2016இல் வெளிவந்த விண்டோஸ் 10 ஆண்டுநிறைவுப் புதுப்பிப்பில், அமைப்புகள் பக்கத்தில் ஒரு புதிய பொத்தான் இடம்பெற்றது. வலையமைப்பு டிரைவர்களை எல்லாம் நீக்கி மீண்டும் நிறுவி, சங்கிலியைத் தொடக்கத்திலிருந்து கோத்துத் தரும் பொத்தான் அது. அதை அழுத்துவதற்கு இணைய இணைப்பு தேவையில்லை.